தூக்கி, பிறகு இழு

வீடு விற்றுப் பாதிப் பாதி.
நாய்கள் அவனுக்கு.
எலுமிச்சை மரத்தை இருவருமே கேட்கவில்லை.
வண்டி என்று வந்தபோது
விண்ட்ஹுக் வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

மே, ஜூன், ஜூலை கோபுஸுக்கு.
ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை எனக்கு.
மற்ற மாதங்களில்
அவுட்ஜோவில் அவன் தம்பி கொட்டகையில்
நான்கு மரக்கட்டைகள்மேல்
யாருடையதுமில்லாமல் நிற்கும்.

பழைய லேண்ட் குரூசர்.
கூரையை அறுத்துத் தூக்கிப் படுக்கை வைத்தது நாங்கள்தான்,
தொண்ணூற்றெட்டில்,
இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினில்.
அந்தத் தையல் இன்றுவரை ஒழுகியதில்லை.
மற்றதெல்லாம் ஒழுகியது.

பேச்சுவார்த்தை கிடையாது.
டேஷ்போர்டுக்குள் கோடுபோட்ட நோட்டு ஒன்று.
முதல் வருடம் முழுக்க
ஆளே இல்லாத வாக்கியங்கள்:
‘எண்ணெய் மாற்றப்பட்டது.’
‘பின் ஷாக் அப்சார்பர் உடைக்கப்பட்டிருந்தது.’
உடைக்கப்பட்டிருந்ததாம்!
புரோஸ் போகிற வழியில்
அலையலையாய் இறுகிக் கிடக்கும் சரளையில்
ஒருநாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டட்டும்,
எது தானாக உடையாது என்று பார்ப்போம்.
நானும் எழுதினேன்:
‘கிரீஸ் வைக்கப்படவில்லை.’

அந்தப் பாதைகள்
ஒவ்வொரு திருகையும் தனியாக அழைத்து விசாரிக்கும்.
சாயங்காலம் ஸ்பேனரோடு அடியில் படுத்து
நானும் விசாரிப்பேன்.
பேட்டரித் தட்டு. கூரைக் கம்பி. புகைக்குழாய்ப் பட்டை.
தலைமுடியெல்லாம் செம்மண்.
காதுக்குள்கூட.

ஐந்தாம் வருடம் மெத்தைக்கடியில்
தேன்நிற ஹேர்கிளிப் ஒன்று.
சில்லறை போடும் தகர டப்பாவில் போட்டுவைத்தேன்.
நோட்டில் எழுதவில்லை,
அது வண்டியின் பாகமல்ல.
அடுத்த ஆகஸ்டில் டப்பாவில் அது இல்லை.
தண்ணீர்த் தொட்டிக் குழாய் புதிதாக இருந்தது.

கிலோமீட்டர் முள் 387412-இல் நின்றுபோனது.
அதன் பிறகு டீசல் ரசீதுகளை வைத்துத்தான் கணக்கு.
அவன் கணக்கில் ஐந்து லட்சம் தாண்டிவிட்டது,
என் கணக்கில் இன்னும் இல்லை.
இதற்காக மூன்று பக்கம் சண்டை.
அவன் பெருக்கலில் ஒரு பிழை,
சிவப்பில் வட்டம் போட்டேன்.
மறுவருடம் வட்டத்துக்கடியில் ‘சரி’ என்றிருந்தது.

ஓபுவோவில் கவேசெரி
ஸ்பிரிங் பட்டைகளை மாற்றியபடியே சொன்னார்:
‘ஜூனில் வந்தவரும் இங்கேதான் நின்றார்,
இதே மாதிரி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்,
பழையதை எறியாதே என்றார்.
உங்கள் இருவர் பேரிலும்
என்னிடம் ஏழு பழைய பட்டைகள் கிடக்கின்றன.
எப்போது எடுத்துப்போவதாக உத்தேசம்?’

போன வருட நோட்டில்:
‘ஹோவானிப் மணலில் தனியாகப் புதைந்தேன்.
சீட்டுக்குப் பின்னால் நீ வைத்த பலகைதான்.’
நீ.
பலகையைப் பற்றி வேறொன்றும் இல்லை.
கீழே டயர் அழுத்தம், நான்குக்கும்,
பென்சிலில்.

இந்த ஜூலை முப்பத்தொன்று கோபுஸ் வரவில்லை.
முதுகு பிடித்துக்கொண்டதாம்.
சாவியோடு வந்தவள் ஹெஸ்டர்,
தேன்நிறம் பாதி நரைத்துவிட்டது.
கேஸ் அடுப்பைக் காட்டுகிறேன் என்று
பேசிக்கொண்டே பின்கதவுக்குப் போனாள்.

அந்தக் கதவு
ஸ்வாகோப்முண்ட் திருடனுக்குத் திறக்கவில்லை,
எல்லைச்சாவடி அதிகாரிக்குத் திறக்கவில்லை.
இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தூக்கவேண்டும்,
பிறகுதான் இழுக்கவேண்டும்.

பேச்சை நிறுத்தாமலே
இடுப்பால் தூக்கினாள்.
இழுத்தாள்.

‘பிரிட்ஜ் ஃபியூஸ் அடிக்கடி போகிறது,
எழுதியிருக்கிறேன் பாருங்கள்.’
அவள் போன பிறகு பார்த்தேன்.
மூன்றாவதாக ஒரு கையெழுத்து,
கொஞ்சம் பெரிய எழுத்துகள்:
‘நான் முப்பது ஆம்பியர் போட்டேன்.’

பதினைந்துதான் போடவேண்டும்.
பேனாவைத் தேடினேன்.